பெல்ட்டை நிறுத்துவது யார்? கல்குவாரி இயந்திரங்களின் சோதனையும் பராமரிப்பும்

கிரஷரில் டெயில் டிரம்முக்கு அடியில் தூசி சேர்வது அன்றாட விஷயம். பெல்ட்டில் கொட்டும் ஜல்லியில் ஒரு பங்கு ஓரத்தில் சிதறுகிறது. ஈரத் துகள் திரும்பிவரும் பெல்ட்டோடு ஒட்டிக்கொண்டு வந்து கடைசி உருளைக்குக் கீழே குவிகிறது. குவியல் உயர்ந்தால் பெல்ட் ஒரு பக்கமாக ஓடும், ஓரம் பிய்யும். அதனால் ஹெல்பர் ஒருவர் மண்வெட்டியோடு குனிந்து அள்ளுகிறார். பெல்ட்டை நிறுத்திவிட்டு அள்ளலாம். ஆனால் ஒரு பெல்ட்டை நிறுத்தினால் அதற்குக் கல் அனுப்பும் ஜா கிரஷரையும் சல்லடையையும் வரிசையாக நிறுத்தி, மறுபடி வரிசையாக எடுக்க வேண்டும். ஓடும்போதே அள்ளினால் ஐந்து நிமிட வேலை.

அந்த ஐந்து நிமிடத்தில் என்ன நடக்கக்கூடும் என்பதற்குக் கணக்கு உண்டு. பெல்ட் நொடிக்கு ஒன்றரை மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆபத்தை உணர்ந்து கையை இழுக்க மனிதருக்குச் சுமார் கால் நொடி ஆகும். அதற்குள் பெல்ட் 37 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். விரல் நுனியிலிருந்து அளந்தால் அது முழங்கையை நெருங்கும் தூரம். மண்வெட்டியின் இலை உருளைக்கும் பெல்ட்டுக்கும் இடையில் சிக்கினால், பிடியை விட வேண்டும் என்று மூளை சொல்வதற்கு முன்பே கை உள்ளே போயிருக்கும்.

கல்குவாரி விபத்து என்றதும் பாறைச் சரிவும் வெடி விபத்துமே பொதுமக்கள் நினைவுக்கு வருகின்றன. 2022 மே மாதம் திருநெல்வேலி மாவட்டம் அடைமிதிப்பான்குளத்தில் நள்ளிரவில் பாறை சரிந்து ஆறு பேர் சிக்கினர்; நான்கு பேர் இறந்தனர்; மீட்புப் பணி பல நாள் நீடித்தது. 2025 மே மாதம் சிவகங்கை மாவட்டம் மல்லாக்கோட்டையில் நடந்த சரிவும் மாநிலம் முழுக்கப் பேசப்பட்டது. இயந்திர விபத்து அப்படிப் பேசப்படுவதில்லை. அது ஒருவரை மட்டும், பெரும்பாலும் பழுது பார்க்கும்போதோ சுத்தம் செய்யும்போதோ பிடிக்கிறது. உள்ளூர்ப் பக்கத்தில் நான்கு வரிச் செய்தியோடு முடிந்துவிடுகிறது.

இயந்திரத்தைப் பார்க்கவும் துடைக்கவும் சரிசெய்யவும் ஒருவர் அதன் அருகே போகும்போது அவரைக் காப்பது எது? இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய 180 ஆண்டுகளாக விடைகள் சொல்லப்பட்டு வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு காலத்தில், ஒரு தொழிலில், ஒரு தேவையிலிருந்து பிறந்தது. தமிழ்நாட்டுக் குவாரிகளுக்கும் கிரஷர்களுக்கும் அவற்றில் எது, எந்த அளவுக்குப் பொருந்தும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் விடை: கவனம்

மிகப் பழைய விடையும் இன்றுவரை அதிகம் கேட்கப்படும் விடையும் இதுதான்: வேலைக்காரர் கவனமாக இருந்திருக்க வேண்டும். இதற்கு எண்ணுருவம் கொடுத்தவர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய ஹெர்பர்ட் வில்லியம் ஹைன்ரிக். 1931இல் வெளிவந்த அவருடைய தொழில் விபத்துத் தடுப்பு நூல், 88 விழுக்காடு விபத்துகளுக்கு ஆட்களின் பாதுகாப்பற்ற செயலும், 10 விழுக்காட்டுக்கு இயந்திரம் அல்லது இடத்தின் குறையும் காரணம் என்றது. மீதி 2 தவிர்க்க முடியாதவை. பெருங்காயம் ஒன்றுக்குச் சிறுகாயம் 29, காயமில்லாத சம்பவம் 300 என்ற முக்கோணமும் அவருடையதே. உலகெங்கும் பாதுகாப்பு வகுப்புகளில் அந்த முக்கோணம் இன்னும் வரையப்படுகிறது.

அதன் பலவீனம் அடித்தளத்திலேயே இருக்கிறது. அவர் பயன்படுத்திய மூலப் பதிவுகள் பின்வந்தவர்கள் சரிபார்க்கக் கிடைக்கவில்லை. அவற்றில் பெரும்பகுதி மேற்பார்வையாளர்கள் எழுதிய விபத்து அறிக்கைகள். மேற்பார்வையாளர் எழுதும் அறிக்கையில் தவறு யாருடையதாக இருக்கும் என்பதை ஊகிப்பது கடினமல்ல. டெயில் டிரம்மில் கை போனவரைப் பற்றி ‘ஓடும் பெல்ட்டில் கைவைத்தார்’ என்று எழுதினால் அது 88இல் சேரும். ‘காப்பு வலை இல்லை, நிறுத்த நேரம் தரப்படவில்லை’ என்று எழுதினால் 10இல் சேரும். நிகழ்ச்சி ஒன்றுதான்.

இருந்தாலும் கவனம் என்ற விடையை முழுவதும் தள்ளிவிட முடியாது. சட்டமே ஓரளவு அதை ஏற்கிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 22ஆம் பிரிவில், ஓடும் இயந்திரத்தைச் சோதித்தே ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கெனப் பயிற்சி பெற்ற வயது வந்த ஆண் தொழிலாளி மட்டுமே அதைச் செய்யலாம் என்றது. அவர் உடலோடு ஒட்டிய ஆடை அணிந்திருக்க வேண்டும்; அந்த ஆடையை நிர்வாகம் தர வேண்டும்; அவர் பெயர் பதிவேட்டில் இருக்க வேண்டும். கைலியும் கழுத்தில் துண்டுமாக கிரீஸ் வைக்கும் காட்சியைக் கிரஷர்களில் பார்த்தவர்களுக்கு அந்த வரி எவ்வளவு துல்லியமானது என்பது புரியும். துண்டின் முனை ஷாஃப்ட்டில் சுற்றினால் கழுத்தும் சேர்ந்து போகும். ஆனால் அந்தப் பிரிவு கவனத்தைத் தொழிலாளியின் குணமாகப் பார்க்கவில்லை. பயிற்சி, உடை, பதிவு மூன்றையும் முதலாளியின் கடமையாக்கியது. கவனத்தை வலியுறுத்துவோர் பெரும்பாலும் மறந்துவிடும் பாதி இது.

இரண்டாம் விடை: வேலி

மனிதரை நம்பாதே, நடுவில் தடுப்பை வை என்பது அடுத்த விடை. பிரிட்டனில் 1844ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் நெசவாலைகளின் சுழலும் பாகங்களுக்கு வேலியிடச் சொன்னது. பத்து ஆண்டுக்குள் பெரிய சண்டை மூண்டது. தலைக்கு மேலே ஓடும் ஷாஃப்ட்டுகளையும் மூட வேண்டும் என்று ஆய்வாளர்கள் 1854இல் சொன்னபோது, ஏழு அடிக்கு மேலிருப்பது யாருக்கும் எட்டாது என்று ஆலை முதலாளிகள் வாதிட்டு, 1855இல் சங்கம் அமைத்து எதிர்த்தனர். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் வார இதழ் முதலாளிகளைக் கடுமையாகச் சாடியது. இன்னோர் எழுத்தாளரான ஹாரியட் மார்ட்டினோ அவர்கள் பக்கம் நின்று எழுதினார். வாதத்தில் வென்றது பெரும்பாலும் ஆலைத் தரப்பே. 1856ஆம் ஆண்டுத் திருத்தம் வேலிக் கடமையைச் சுருக்கியது.

இன்றைய அமெரிக்கச் சுரங்க விதிகளிலும், நடக்கும் அல்லது வேலை செய்யும் தளத்திலிருந்து ஏழு அடிக்கு அப்பாலுள்ள அசையும் பாகங்களுக்குக் காப்பு கட்டாயமில்லை. இரண்டு ஏழு அடிகளுக்கும் நேரடி உறவு உண்டென்று சொல்லத் துணியவில்லை. மனிதர் கை எட்டும் உயரத்தை வைத்தே இரண்டும் வந்திருக்கக்கூடும். சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. கை எட்டாத உயரம் என்பது நின்று வேலை பார்ப்பவருக்கான அளவு. பழுது பார்ப்பவர் ஏணியில் ஏறுகிறார், கன்வேயர் சட்டத்தின் மேல் கால் வைக்கிறார், தூசிக் குவியல்மீது நிற்கிறார். அவருக்குத் தளம் உயர்ந்துவிடுகிறது, ஏழு அடி நான்கு அடியாகிவிடுகிறது.

வேலியின் பெரிய பலவீனமும் பராமரிப்பில்தான் வெளிப்படுகிறது. கிரீஸ் வைக்க, பெல்ட் இழுக்க, தூசி அள்ள என்று ஒவ்வொன்றுக்கும் காப்பைக் கழற்ற வேண்டும். ஆறு போல்ட்டுகளால் பூட்டிய கார்டு இரண்டு முறை கழற்றப்பட்டபின் இரண்டு போல்ட்டில் தொங்கும். மூன்றாம் முறை சுவரோரம் சாய்ந்து நிற்கும். தீர்வு அரிதானதொன்றும் அன்று. பேரிங்கின் கிரீஸ் நிப்பிளிலிருந்து சிறு குழாய் இழுத்துக் கார்டுக்கு வெளியே வைத்தால் கழற்றாமலே கிரீஸ் வைக்கலாம். தகட்டுக்குப் பதில் வலை அடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று திறக்காமலே பார்க்கலாம். டெயில் டிரம்முக்கு அடியில் தரையை ஓரடி தாழ்த்தி, தூசியை வெளியிலிருந்தே வாரும்படி விட்டால் குனிந்து கை நீட்டும் தேவையே குறையும். இவற்றை உள்ளூர் வெல்டர் ஒரு நாளில் செய்து தருவார். செய்ய வேண்டும் என்று நினைப்பவர் கிரஷரை அமைக்கும்போதே அங்கே இருக்க வேண்டும். பராமரிக்கப்போகும் ஃபிட்டரை அப்போது யாரும் கேட்பதில்லை என்பதே குறை.

மூன்றாம் விடை: பூட்டு

நிறுத்து, பூட்டு, சாவியைச் சட்டைப்பையில் வை. மின்மயமான தொழிற்சாலைகளில் பிறந்த இந்த முறை அமெரிக்கப் பொதுத் தொழிற்சாலைகளுக்கு 1989இல் தனி விதியானது. வேலை செய்யும் ஒவ்வொருவரும் தம் சொந்தப் பூட்டை மெயினில் போடுகிறார். மூன்று பேர் உள்ளே இருந்தால் மூன்று பூட்டுகள். கடைசி ஆள் வெளியே வந்து தம் பூட்டை எடுக்கும்வரை யாராலும் மின்சாரம் கொடுக்க முடியாது. அமெரிக்கச் சுரங்க விதிகள் இன்னொன்றையும் சேர்க்கின்றன: மின்சாரத்தைத் துண்டித்தால் மட்டும் போதாது, பாகம் அசையாதபடி முட்டுக் கொடுத்திருக்கவும் வேண்டும்.

பூட்டு இல்லாத இடத்தில் அதன் வேலையைக் குரல் செய்கிறது. பேனல் அறையிலிருந்து ஒருவர் “அண்ணே, போடட்டுமா?” என்று கத்துகிறார். பக்கத்துப் பெல்ட்டின் இரைச்சலில் பதில் கேட்காது. கையசைத்தது வேண்டாம் என்றா, போடு என்றா என்பது தூசியில் தெரியாது. சில நூறு ரூபாய்ப் பூட்டு நீக்கும் ஐயம் இது.

எனினும் கல்லுடைக்கும் தொழிலில் பூட்டுக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் காண ஜா கிரஷரை அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சாலைக் கல் உடைப்பதற்காக எலி விட்னி பிளேக் 1858இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் இது. அடிப்படை அமைப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை. நிலைத்த தாடை ஒன்று, ஆடும் தாடை ஒன்று, ஆட்டத்துக்கு வேகம் தரும் கனத்த ஃப்ளைவீல்கள் இரண்டு, பின்னால் டாகிள் பிளேட். உடைக்க முடியாத இரும்புத் துண்டு ஏதாவது உள்ளே போனால் டாகிள் முதலில் உடைந்து மற்றவற்றைக் காப்பாற்றும். மின்சுற்றில் ஃபியூஸ் செய்யும் வேலை அது.

இப்போது வாயைவிடப் பெரிய கல் ஒன்று சிக்கிவிட்டது, மோட்டார் திணறி நின்றுவிட்டது. மெயினை அணைத்துப் பூட்டும் போட்டாயிற்று. மின்சாரம் இல்லை. ஆனால் தாடை கல்லைக் கவ்விக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடியில் விசை அடங்கியிருக்கிறது. எதிர்ச்சுமை வைத்த ஃப்ளைவீல் கனமான பக்கம் மேலே இருக்கும் நிலையில் நின்றிருந்தால், பிடி தளர்ந்த கணத்தில் தானே உருளும். ஒருவர் வாய்க்குள் இறங்கிக் கடப்பாரையால் நெம்புகிறார். கல் அசைகிறது, தாடை ஒரு முறை ஆடுகிறது, கல் மேலே தெறிக்கலாம், கடப்பாரை திரும்பி அடிக்கலாம், கால் வைத்திருந்த இடம் மூடிக்கொள்ளலாம். பூட்டு அதன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. விபத்து மின்சாரத்தால் வரவில்லை.

குவாரியில் இப்படி அடங்கிய விசை பல இடங்களில் ஒளிந்திருக்கிறது. டிப்பரின் பாடியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் பழுது பார்க்கும்போது அதைத் தாங்குவது ஹைட்ராலிக் எண்ணெயின் அழுத்தம் மட்டுமே. ஹோஸ் வெடித்தால் பாடி இறங்கும் வேகத்துக்கு ஆள் வெளியே வர முடியாது. பாடிக்கு முட்டு வேண்டும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். முட்டுக்கட்டை வண்டியில் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. லாரி டயரில் நூறு பவுண்டுக்கு மேல் காற்று இருக்கும். பல துண்டு ரிம்மில் லாக் ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் அது பறந்து வந்து தலையை எடுத்துவிடும். காற்றிறக்காத டயரின் ரிம்மில் வெல்டிங் வைத்தால் டயரே வெடிக்கும். கம்ப்ரசர் டேங்கின் சேஃப்டி வால்வு கசிகிறதென்று அதை அடைத்துவிடுபவர் வரப்போகும் வெடிப்புக்கு வழி செய்கிறார். கிரானைட் குவாரிகளில் கல்லை அறுக்கும் வைர மணிக் கம்பி அறுந்தால் மணிகள் குண்டுபோலத் தெறிக்கின்றன.

சிக்கிய கல்லுக்குத் திரும்புவோம். அதை எடுக்க நல்ல வழி, ஆளை வாய்க்குள் இறக்காமல் வெளியிலிருந்து இயக்கும் ராக் பிரேக்கரைக் கொண்டு உடைப்பது. அதற்கு முந்தைய வழி, வாயைவிடப் பெரிய கல் வராமல் ஃபீடருக்கு முன்பே கம்பிச் சட்டமிட்டுத் தடுப்பது. அதற்கும் முந்தியது துளை இடைவெளியையும் வெடி அளவையும் சரிசெய்து, பாறை முகப்பிலேயே பெருங்கல் குறைவாக விழும்படி பார்ப்பது. அப்படியானால் கிரஷர் ஃபிட்டரின் உயிர், அரை கிலோமீட்டர் தள்ளி முந்தின நாள் துளை போட்டவர் கையில் ஓரளவு இருக்கிறது. பராமரிப்பைத் தனி வேலையாகப் பார்க்கும் எந்த முறைக்கும் இது கண்ணில் படாது.

பூட்டோடு சேர்ந்து வளர்ந்தது அனுமதிச் சீட்டு முறை. அதன் பலவீனத்துக்குக் குவாரிக்கு வெளியே உள்ள சான்று ஒன்றே போதும். 1988 ஜூலை 6 அன்று வடகடலில் பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடையில் ஒரு பம்ப்பின் பாதுகாப்பு வால்வு கழற்றப்பட்டிருந்தது. சீட்டும் எழுதப்பட்டிருந்தது. இரவு ஷிப்டுக்கு அது தெரியாமல் பம்ப் இயக்கப்பட்டது. 167 பேர் இறந்தனர். ஷிப்டு மாறும்போது வாயால் சொல்லப்படாதது தாளில் இருந்தும் பயன்படவில்லை.

நான்காம் விடை: கெடும் முன்பே மாற்று

பழுது பார்ப்பதே ஆபத்து என்றால் பழுது குறைந்தால் ஆபத்தும் குறையும். இந்த எண்ணத்திலிருந்து காலமுறைப் பராமரிப்பு வலுப்பெற்றது: 250 மணிக்கு ஒருமுறை எண்ணெய், 500 மணிக்கு ஃபில்டர் என்று இயந்திர நிறுவனங்கள் அட்டவணை தருகின்றன. இதைக் கேள்விக்குள்ளாக்கியது விமானத் துறை. யுனைடெட் ஏர்லைன்ஸைச் சேர்ந்த நௌலனும் ஹீப்பும் 1978இல் வெளியிட்ட ஆய்வு, தாங்கள் பார்த்த விமானப் பாகங்களில் 11 விழுக்காடு மட்டுமே வயது ஏற ஏறக் கெடும் தன்மை கொண்டவை என்றது. பெரும்பாலான பாகங்கள் புதிதாகப் பொருத்திய உடனேயே அதிகம் கெட்டன. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையின் பதிவுகளை ஆராய்ந்த வாடிங்டனும் இதே திசையில் ஒன்றைக் கண்டார்: காலமுறைச் சோதனை முடிந்த கையோடு பழுதுகள் கூடின.

காரணத்தை உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கினார். ஒரு போல்ட்டில் வரிசை எண்ணிட்ட எட்டு நட்டுகள். கழற்ற ஒரே ஒரு வழிதான். திரும்ப மாட்ட 40,320 வரிசைகள் உண்டு; சரியானது ஒன்றே. கழற்றுவதைவிட மாட்டுவதில்தான் தவறு நுழைகிறது. ஆகவே தேவையில்லாமல் திறக்காதே, நிலையைப் பார்த்து முடிவெடு: அதிர்வு, வெப்பம், எண்ணெயில் உலோகத் துகள், சத்தம் இவற்றை அளந்து கவனி என்பது இந்த அணியின் நிலைப்பாடு.

குவாரிக்கு இதை அப்படியே எடுத்துவர முடியாது என்பது என் மதிப்பீடு. விமானத்தின் மின்னணுப் பெட்டிக்கு வயதில்லாமல் இருக்கலாம். கருங்கல்லை நாள் முழுக்க மெல்லும் ஜா பிளேட்டுக்கு வயது உண்டு. அது கண்ணுக்குத் தெரிந்தே தேய்கிறது. சல்லடைக் கம்பி, பெல்ட், எம்-சாண்ட் இயந்திரத்தின் உள் உதிரிகள் எல்லாம் அப்படியே. ஆற்று மணல் தட்டுப்பாட்டால் எம்-சாண்ட் உற்பத்தி பெருகிய இந்த ஆண்டுகளில் கல்லை மேலும் நுண்ணியதாக உடைக்க வேண்டியிருக்கிறது. தேய்மானமும் தூசியும் கூடுகின்றன. பாகம் மாற்ற ஆள் உள்ளே இறங்கும் தடவைகளும் கூடுகின்றன. மறுபுறம், பேரிங்கும் மோட்டாரும் ஹைட்ராலிக் பம்ப்பும் நிலை பார்த்து முடிவெடுக்கத் தக்கவை. பேரிங் வீட்டின்மேல் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தும், கம்பியின் ஒரு முனையைக் காதில் வைத்துச் சத்தம் கேட்டும் வந்த ஃபிட்டர்கள் இந்த அறிவைக் கருவியில்லாமல் பழகியவர்கள். அந்தப் பழக்கத்திலும் ஓடும் இயந்திரத்துக்கு அருகே போக வேண்டியிருக்கிறது என்பதால், தொலைவிலிருந்து வெப்பம் அளக்கும் சிறு கருவி அவர்களுக்கு உண்மையான பாதுகாப்பு.

ஐந்தாம் விடை: சட்டமும் அதன் ஆறு மீட்டரும்

இந்தியாவில் 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் கல்குவாரியையும் சுரங்கமாகவே கொண்டது. தன்பாத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் மேற்பார்வை செய்தது. 1961ஆம் ஆண்டின் உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் மேலாளர், ஃபோர்மேன், மேட் ஆகியோரின் தகுதிகளையும் கடமைகளையும் வகுத்தன. 1966இல் தொழிற்பயிற்சி விதிகள் வந்தன. படித்துப் பார்த்தால் குறைவான சட்டம் அன்று.

ஆனால் அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில் ஒரு விலக்கு இருந்தது. கட்டடக் கல், சாலைக் கல், சரளை, செம்மண் போன்றவற்றைத் திறந்தவெளியில் எடுக்கும் இடத்தில் ஆழம் எங்கும் ஆறு மீட்டரைத் தாண்டாமல், எந்த நாளிலும் ஐம்பது பேருக்கு மேல் வேலை செய்யாமல், வெடிமருந்து பயன்படுத்தாமல் இருந்தால் சட்டத்தின் பெரும்பகுதி பொருந்தாது. ஆறு மீட்டர் என்பது ஏறக்குறைய இருபது அடி. பிரிட்டன் 1894இல் குவாரிகளை முதன்முதலாக ஆய்வாளர் பார்வைக்குள் கொண்டுவந்தபோது வைத்த எல்லையும் இருபது அடிதான். காலனிய வழியில் வந்த அளவு இது என்று கருத இடமுண்டு. மண் சரிந்து ஆள் புதையும் ஆபத்தை அளக்க ஆழம் பொருத்தமான கோல். அந்தப் பள்ளத்தில் நிற்கும் பொக்லைனுக்கும் டிப்பருக்கும் ஆழம் எந்த வகையிலும் கோலாகாது. 1894இல் மனிதக் கையும் கடப்பாரையும் வேலை செய்த இடத்தில் இன்று இருபது டன் இயந்திரம் நிற்கிறது. ஐம்பது பேர் செய்ததை ஐந்து பேர் செய்கிறார்கள். ஆள் குறைந்ததால் ஆபத்துக் குறைந்ததாக எண்ணும் அளவுகோல் இயந்திர காலத்துக்கு ஒவ்வாதது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1977ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டம் திறந்தவெளிச் சுரங்கம் ஒவ்வொன்றையும், குவாரி உட்பட, ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு முறை முழுமையாக ஆய்வு செய்யச் சொல்கிறது. ஆள் எண்ணிக்கையால் விலக்கு இல்லை. நகரும் இயந்திரத்தை ஒவ்வொரு ஷிப்டிலும் இயக்கும் முன் அதை இயக்குபவரே சோதிக்க வேண்டும். ஆபத்தான குறை இருந்தால் அட்டை தொங்கவிட்டு ஒதுக்க வேண்டும்.

பிரிட்டன் மூன்றாம் வழியை எடுத்தது. 1972ஆம் ஆண்டின் ராபன்ஸ் அறிக்கை, நுணுக்கமான விதிகள் பெருகிவிட்டன, ஆபத்தை உண்டாக்குபவரே அதை நிர்வகிக்கட்டும் என்றது. 1974ஆம் ஆண்டின் பணியிட உடல்நல, பாதுகாப்புச் சட்டமும், 1999இல் வந்த குவாரி ஒழுங்குமுறைகளும் அந்த வழியில் பிறந்தவை. குவாரியின் எல்லாப் பகுதிகளையும், கட்டடங்களையும், இயந்திரங்களையும் முறையாகச் சோதித்துப் பராமரிப்பதற்கான எழுத்துத் திட்டத்தை நடத்துபவரே தயாரிக்க வேண்டும். 1966இல் நிலக்கரிக் கழிவுக் குன்று சரிந்து 116 குழந்தைகள் உட்பட 144 பேர் இறந்த அபெர்ஃபான் பேரிடரின்போது தேசிய நிலக்கரி வாரியத்தின் தலைவராக இருந்தவரும் இதே ராபன்ஸ்தான். தன்னொழுங்கை ஐயத்தோடு பார்ப்பவர்கள் இதைச் சுட்டிக்காட்டத் தவறுவதில்லை. தன்னொழுங்குக்கு இரண்டு முன்நிபந்தனைகள் தேவைப்படுவதாகத் தோன்றுகிறது: தவறினால் உறுதியாக வரும் தண்டனை, தட்டிக் கேட்கும் தொழிலாளர் அமைப்பு. இரண்டும் மெலிந்த இடத்தில் எழுத்துத் திட்டம் அலமாரியில் உறங்கும்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குவாரி வளாகத்துக்குள் அல்லது அதை ஒட்டி, அதற்கே உரியதாக இருக்கும் கிரஷர் சுரங்கத்தின் பகுதி. தனியே நிற்கும் கிரஷர் தொழிற்சாலை. அதே ஜா, அதே பெல்ட், அதே ஹெல்பர். கேட்க வரும் அதிகாரி வேறு. 2020இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பணிப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் சுரங்கச் சட்டத்தையும் தொழிற்சாலைச் சட்டத்தையும் ஒன்றுக்குள் கொண்டுவந்திருக்கிறது. அது களத்தில் இந்தப் பிளவை மூடுமா என்று இப்போது சொல்லிவிட முடியாது.

டிக் அடித்த தாள்

மேலே சொன்ன எல்லா விடைகளும் கடைசியில் ஒரு தாளுக்கு வந்து சேர்கின்றன. பிரேக், ஹாரன், ரிவர்ஸ் அலாரம், கண்ணாடி, ஹைட்ராலிக் கசிவு, டயர், தீயணைப்பான்: காலையில் டிரைவர் டிக் அடிக்க வேண்டும். மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரு குறையும் இல்லாத தாள் கிடைத்தால், இயந்திரம் நன்றாக இருக்கிறது என்பதைவிட, யாரும் பார்க்கவில்லை என்பதற்கே அது வலுவான சான்று. கல்லோடு மோதும் இயந்திரத்தில் முப்பது நாளும் ஒரு குறைகூட வராமல் இருக்காது.

தாளைக் குறைசொல்வோர் அதைத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். ஆதரிப்போர் இன்னும் நீளமாக்குகிறார்கள். இருதரப்பும் கடந்துபோகும் கேள்வி ஒன்று உண்டு. ‘பிரேக் சரியில்லை’ என்று எழுதினால் என்ன நடக்கும்? லோடு கணக்கில் சம்பளம் வாங்கும் டிரைவருக்கு வண்டி நின்றால் அன்றைய கூலி போகும். மணிக் கணக்கில் வாடகைக்கு வந்த ஹிட்டாச்சி நின்றால் அதன் உரிமையாளருக்கு வாடகை போகும். பழுது பார்க்க வேண்டியவர் அவர், ஆபத்தில் நிற்பவர்கள் குவாரிக்காரர்கள். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து மூன்று மாதமான ஹெல்பருக்குத் தாளின் தமிழும் தெரியாது, யாரிடம் சொல்வது என்றும் தெரியாது. குறையைக் காண்பவருக்கு இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரமும், நிறுத்திய நேரத்துக்குக் கூலியும் இல்லாதவரை எந்தச் சோதனை முறையும் காண்பதோடு நின்றுவிடும் என்றே நான் கருதுகிறேன். ஹைன்ரிக்கின் முக்கோணத்திலும் ராபன்ஸின் அறிக்கையிலும் நௌலன், ஹீப்பின் ஆய்விலும் கூலி முறைக்கு உரிய இடம் இல்லை. கல்குவாரியில் அதுவே பல நேரம் முதல் காரணமாக நிற்கிறது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. அதை மதிக்க வேண்டும். நிறுத்தும் அதிகாரத்தை எல்லோருக்கும் கொடுத்தால் சின்னச் சத்தத்துக்கெல்லாம் கிரஷர் நிற்கும். சிறு முதலாளி வங்கித் தவணை கட்ட முடியாது என்பார்கள். நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் விலை உண்டு என்பது உண்மை. பேரிங் சூடானபோது நிறுத்தாமல் விட்டு ஷாஃப்ட் போனால் ஆகும் விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த இரண்டாம் கணக்கு எந்தப் பேரேட்டிலும் எழுதப்படுவதில்லை.

இன்னும் முடிவாகாதவை

சிறு குவாரிகளுக்கு எது பொருந்தும் என்பது முதல் கேள்வி. பெரிய நிறுவனத்தில் பராமரிப்புப் பொறியாளரும் பாதுகாப்பு அலுவலரும் தனித்தனியே இருப்பார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் இடத்தில் ஒரே மேஸ்திரி இரண்டுமாக இருக்கிறார், லோடு எண்ணுபவரும் அவரே. ஒரு வட்டாரத்தின் பத்துப் பதினைந்து கிரஷர்கள் சேர்ந்து தகுதி பெற்ற ஒரு சோதனையாளரை அமர்த்தலாம் என்ற யோசனை நடைமுறைக்கு அருகில் இருப்பதாகத் தோன்றுகிறது. ஆனால் அவருக்குச் சம்பளம் தருபவர்கள் அவரால் சோதிக்கப்படுபவர்களே. அந்த முரணை எப்படித் தீர்ப்பது என்பதற்குத் தெளிவான விடை இல்லை.

கருவிகள் இரண்டாம் கேள்வி. அதிர்வு உணரிகளும் கேமராக்களும் மலிவாகி வருகின்றன. ஆள் நெருங்காமலே பேரிங்கின் நிலையை அறிய முடிகிறது. இவை ஆபத்தான சோதனைகளைக் குறைக்கும் என நம்ப நியாயம் உண்டு. தூசியும் வெயிலும் மழையும் அவற்றை எத்தனை மாதம் விட்டுவைக்கும், கெட்ட உணரியைச் சரிசெய்ய அதே பெல்ட்டின்மேல் யார் ஏறுவார் என்பது அனுபவத்தில்தான் தெரியவரும்.

மூன்றாவது, தொழிலுக்குள்ளேயே இருக்கும் அறிவு. எந்தக் கிரஷரில் எந்த இடத்தில் எப்படிக் கை போனது என்பது அந்த வட்டாரத்து ஃபிட்டர்களுக்குத் தெரியும். அடுத்த மாவட்டத்து ஃபிட்டருக்குத் தெரியாது. கை போகாமல் தப்பிய சம்பவங்கள் எங்கும் எழுதப்படுவதே இல்லை. பெயரும் இடமும் சொல்லாமல், ‘டெயில் டிரம், காப்பு வலை கழற்றப்பட்டிருந்தது, மண்வெட்டி சிக்கியது’ என்ற அளவில் மூன்று வரிக் குறிப்புகளைச் சேர்த்து மாவட்டந்தோறும் சுற்றுக்கு விட்டால் என்ன ஆகும் என்பதை யாராவது முயன்று பார்க்க வேண்டும். அதைத் தொடங்க வேண்டியவர் ஆய்வாளரா, உரிமையாளர் சங்கமா, தொழிற்சங்கமா என்பதில் மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியாக வேண்டும். வழக்குக்கு அஞ்சி எழுதாமல் விடுபவர் தயக்கமின்றி எழுத என்ன உறுதி தருவது என்பதிலிருந்தே அந்தப் பேச்சு தொடங்கும்.